நீல வண்ணத்துக்கு அடியில் ஒரு கிரண்: காட்சி விமானங்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓய்வுபெற்ற கிரண் பயிற்சி ஜெட் விமானங்களைப் பூங்காக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் நிறுத்தி வைத்திருக்கும் பொறுப்பாளர்களுக்கும், பணியிலிருந்து விடைபெறும் விமானங்களை யாருக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும்,

சென்ற மாதம் ஒரு நகரப் பூங்காவின் வாயிலில் ஒட்டியிருந்த ஏல அறிவிப்பைப் படித்தேன். 'உபயோகமற்ற இரும்புச் சாமான்கள்' என்ற தலைப்பின் கீழ் உடைந்த ஊஞ்சல் கம்பங்கள், துருவேறிய வேலித் தூண்கள், ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு அடுத்ததாக, 'பழைய விமானம் 1' என்று ஒரு வரி இருந்தது. எடை போட்டு விற்கப்படும் என்றும், வாங்குபவர் தம் செலவில் அறுத்து எடுத்துச் செல்ல வேண்டும் என்றும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. அந்த விமானத்தின் பெரும்பகுதி அலுமினியக் கலவை என்பதுகூட அறிவிப்பை எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பூங்காவின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. இது ஓர் இடத்தின் குறை என்றால் அந்த அலுவலகத்துக்கு மட்டும் ஒரு மனு கொடுத்து முடித்திருப்பேன். நான் போய்ப் பார்த்த வேறு சில இடங்களிலும் ஏறக்குறைய இதே நிலைதான் என்பதால் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

அறிவிப்பைப் படித்த அன்றே உள்ளே சென்று அந்த விமானத்தைச் சுற்றிப் பார்த்தேன். மூக்குப் பகுதியில் இரண்டு துப்பாக்கித் துளைகள் இருந்தன. இறக்கைகளின் கீழே ஆயுதம் தொங்கவிடும் நான்கு இடங்களும் தெரிந்தன. ஆகவே அது கிரணின் இரண்டாம் வகையான மார்க் 2. பீடத்தில் பதித்திருந்த பலகையோ, '1971 போரில் பங்கேற்ற போர் விமானம்' என்று சொன்னது. கிரண் மார்க் 2 வகையின் முதல் விமானம் வானில் ஏறியதே 1976 ஜூலை 30 அன்றுதான். பிறக்காத விமானத்தைப் போருக்கு அனுப்பிய அந்தப் பலகையைத்தான் இத்தனை ஆண்டுகளாகப் பள்ளிக் குழந்தைகள் படித்து வந்திருக்கிறார்கள். உடல் முழுவதும் அடர்நீல எனாமல் பூசியிருந்தார்கள். வால் அடியில் அந்த வண்ணம் செதில் செதிலாக உரிந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தேன். நீலத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய பூச்சு; அதற்கும் கீழே செவ்வண்ணம் தெரிந்தது. அந்தச் செவ்வண்ணத்தைத் தினமும் துடைத்தவன் நான். இந்திய விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழுவின் விமானங்கள் செவ்வண்ணமும் வெள்ளையுமாகத்தான் இருந்தன.

நான் இந்திய விமானப்படையில் 20 ஆண்டுகள் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக, இருந்தவன். முதலில் தாம்பரத்தில், பறத்தல் பயிற்றுநர் பள்ளியின் கிரண்களைப் பராமரித்தேன்; பிறகு கர்நாடகத்தின் பீதரில், சூர்யகிரண் குழு உருவான காலத்தில் வேலை பார்த்தேன். விமானி அல்லன். ஆனால் ஒரு விமானி தனியாக ஏறிச் சென்று வானத்தில் செய்த ஒவ்வொன்றின் கணக்கும் அவர் இறங்கிய பிறகு எங்கள் கைக்குத்தான் வரும். அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கிரண் எதற்காக உருவானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாம்பயர், டெக்ஸன் போன்ற அந்நாளைய பயிற்சி விமானங்களுக்கு மாற்றாக, பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் வி. எம். காட்கே தலைமையிலான வடிவமைப்பாளர்கள் உருவாக்கிய ஜெட் பயிற்சி விமானம் இது. 1964 செப்டம்பர் 4 அன்று விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் இதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். மாணவரும் பயிற்றுநரும் அருகருகே அமரும்படி அமைத்தார்கள். மாணவரின் கை எங்கே போகிறது, கண் எங்கே அலைகிறது என்பதைப் பயிற்றுநர் பக்கத்திலிருந்தே பார்க்க முடியும். தலைமுறை தலைமுறையாக நம் விமானிகள் ஜெட் பறத்தலைக் கற்றுக்கொண்டது இந்த விமானத்தில்தான். இவ்வளவையும் ஓரிரண்டு அருங்காட்சியகங்கள் சரியாகவே எழுதி வைத்திருக்கின்றன. எங்குமே எழுதப்படாதது, இந்த விமானம் தனியாக வானில் நிகழ்த்திய சாகசத்தின் வரலாறு.

தனி விமானச் சாகசத்தைப் பலர் திருவிழா வேடிக்கை என்று நினைக்கிறார்கள். கிரணைப் பொறுத்தவரை அது வகுப்பறையிலிருந்து நேராக வந்தது. தாம்பரத்தில் பயிற்றுநராகப் பயிற்சி பெறும் விமானிக்கு ஒரு கடினமான வேலை உண்டு. விமானத்தை ஓட்டிக்கொண்டே, தான் செய்வதை அந்தந்த நொடியில் வாயால் விளக்கிக்கொண்டும் போக வேண்டும். இதை அவர்கள் 'பேட்டர்' என்பார்கள். செங்குத்து வட்டம் போடும்போது 'இப்போது இழுக்கிறேன், இப்போது தொடுவானத்தைத் தேடுகிறேன், இப்போது இறக்கைகள் மட்டமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறேன்' என்று சொல்லும் சொல்லும், கையின் அசைவும், விமானத்தின் நிலையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சொல் அரை நொடி பிந்தினால் மாணவர் தவறாகக் கற்றுக்கொள்வார். இப்படி மாதக்கணக்கில் பேசிப் பேசிப் பறந்த ஒருவர், பக்கத்து இருக்கை காலியாக இருக்க, ஓடுபாதைக்கு மேலே அதே வட்டத்தையும் உருளலையும் ஒரே கோர்வையாகச் செய்து காட்டும்போது அது தனி விமானச் சாகசம் ஆகிறது. பயிற்சி நிறைவு நாட்களில் அதைப் பார்க்கத் தளத்துச் சமையல்கூட ஊழியர்கள்வரை வெளியே வந்து நிற்பார்கள்.

கிரணில் அதைச் செய்வது எளிதல்ல. முதல் வகைக் கிரணில் இருந்த வைப்பர் எஞ்சினின் தள்ளுவிசை சுமார் 1,130 கிலோ. ஏறும்போது விமானத்தின் எடையோ 4 டன்னை ஒட்டி வரும். எஞ்சின் பலத்தை மட்டும் நம்பி மேலே போக முடியாத விமானம் அது. கீழே பாய்ந்து வேகத்தைச் சேர்த்து, அந்த வேகத்தை உயரமாக மாற்றி, உயரத்தை மறுபடியும் வேகமாக மாற்றி, ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் சேமிப்பைக் கணக்குப் பார்த்துக்கொண்டே விமானி ஓட்ட வேண்டும். மார்க் 2இல் வந்த ஆர்ஃபியஸ் எஞ்சின் 1,900 கிலோ அளவுக்குத் தள்ளியது. அதனால்தான் சாகசக் குழுவுக்கு அதைத் தேர்ந்தார்கள். ஆனால் பீதர் கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கும் மேலே இருக்கிறது. ஏப்ரல், மே வெயிலில் காற்று இளகி, இறக்கைக்கும் பிடிப்புக் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். ஜனவரியில் அழகாக முடிந்த வட்டத்தை மே மாதத்தில் அதே இடத்தில் தொடங்கினால் அதே உயரத்தில் முடிக்க முடியாது.

இன்னொரு சிக்கல் இருக்கையில் இருக்கிறது. தனியாகப் பறக்கும் விமானி இடப்பக்கம் அமர்கிறார். வலப்பக்கம் காலி இருக்கையும், கேனோபி எனப்படும் கண்ணாடி மூடியின் சட்டமும் அவர் பார்வையை மறைக்கின்றன. பார்வையாளர் வரிசை வலப்பக்கம் வரும்படி திரும்பினால், எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாதோ அந்தக் கோடே அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே எந்தத் திருப்பம் இடம், எந்தத் திருப்பம் வலம் என்று நிகழ்ச்சி முழுவதையும் இருக்கையை வைத்தே திட்டமிடுவார்கள். மாணவருக்காகச் செய்த அமைப்பு சாகச விமானிக்குத் தடையாக நின்றதும், அவர் அதைச் சமாளித்த விதமும் இந்த விமானத்தின் வரலாறுதானே? எந்தப் பலகையில் இது இருக்கிறது?

தனி விமானச் சாகசம் செய்த ஒரு விமானியின் அட்டை என்னிடம் இருக்கிறது. உள்ளங்கை அளவு, விமானி முழங்காலில் கட்டிக்கொள்ளும் பட்டையில் செருகுவதற்காக வெட்டியது. வளைவுகளும் அம்புக்குறிகளுமாக 12 அசைவுகள் வரிசையாக வரையப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நுழையும் வேகம் கறுப்பு மையிலும், உச்சியில் இருந்தே ஆக வேண்டிய குறைந்தபட்ச உயரம் சிவப்பு மையிலும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சிவப்பு எண்ணை எட்டாவிட்டால் வட்டத்தை முடிக்க முயலாமல், தலைகீழாக இருக்கும்போதே உருண்டு நேராகி வெளியேறிவிட வேண்டும் என்பது விதி. அந்த அட்டையை வைத்துக்கொண்டு அந்த விமானி தினமும் காலையில் விமானம் நிறுத்தும் தளமான டார்மாக்கில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதன் ஓரமாக நடப்பார். வலது உள்ளங்கையே விமானம். கை கவிழும், நிமிரும், உதடுகள் வேகங்களை முணுமுணுக்கும். முழு நிகழ்ச்சியையும் நடந்து முடித்த பிறகே விமானத்தில் ஏறுவார். மாற்றலாகிப் போகும்போது அந்த அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். காட்சிக்கு விமானம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு இதன் நகலையும், என்னிடம் உள்ள புகைப்படங்களையும் இலவசமாகத் தருவதாக இரண்டு முறை கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, 'இத்தகைய காகிதங்களைப் பாதுகாக்க இடவசதி இல்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

தரையில் நாங்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். சாதாரணப் பயிற்சிப் பறத்தலுக்குப் பிறகு செய்யும் சோதனையும், சாகசப் பறத்தலுக்குப் பிறகு செய்யும் சோதனையும் ஒன்றல்ல. முதல் வேலையாக ஜி மீட்டரைப் பார்ப்போம். அதில் விமானம் தாங்கிய அதிகபட்ச விசையையும் குறைந்தபட்ச விசையையும் காட்டும் இரண்டு முட்கள், யாராவது பொத்தானை அழுத்தித் திருப்பும்வரை எட்டிய இடத்திலேயே நிற்கும். அந்த முட்கள் பொய் சொல்லாது. வரம்பைத் தொட்டிருந்தால் இறக்கை வேர் முதல் வால்வரை ரிவெட் ரிவெட்டாகப் பார்ப்போம். வண்ணத்தில் மயிரிழை அளவு சுருக்கம் தெரிந்தாலும் உள்ளே தகடு நகர்ந்திருக்கிறதா என்று திறந்து பார்ப்போம்.

ஒரு நாள் தனிப் பயிற்சி முடித்து இறங்கிய விமானி, தலைகீழாக இருந்தபோது ஹெல்மெட்டில் ஏதோ 'டக்'கென்று பட்டது என்றார். அவ்வளவுதான். அந்த விமானம் அன்று மீண்டும் எழவில்லை. காக்பிட் தரையில் கிடக்கும் ஒரு சிறு திருகாணிகூட, விமானம் கவிழும்போது கேனோபிக்கு எழும்பி, நிமிரும்போது கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு இடையே போய்ச் சிக்கிக்கொள்ளலாம். இருக்கைகளை வெளியே எடுத்து, கைவிளக்கும் சிறு கண்ணாடியுமாகத் தேடினோம். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு வலப்பக்க இருக்கையின் தண்டவாளத்துக்குப் பின்னால் ஒரு நட்டு கிடைத்தது. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதுவரை அந்த விமானி அறைக்குப் போகாமல் இறக்கை நிழலில் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தார். அந்த நட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எங்கள் நால்வருக்கும் தனித்தனியாகக் கைகொடுத்தார். பிறகு அது விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700இல் பதிவானது. கிரண் ஒவ்வொன்றின் வாழ்க்கையும் இப்படிப் பதிவேடுகளில் இருக்கிறது. விமானத்தின் எண் தெரிந்தால் அது எங்கே பறந்தது, என்ன செய்தது என்று தேடிப் பிடிக்க முடியும். அந்த எண்ணைத்தான் நீங்கள் எனாமலால் மூடியிருக்கிறீர்கள்.

சூர்யகிரண் குழு 1996இல் பீதரில் உருவானது. அதற்கு முன் 1982இல் அமைந்த தண்டர்போல்ட்ஸ் குழு ஹன்டர் போர் விமானங்களில் பறந்தது. அதற்குப் பின் வந்த குழுவுக்கு நம் நாட்டிலேயே வடிவமைத்த பயிற்சி விமானம் என்பது எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது. முதல் பொது நிகழ்ச்சி 1996 செப்டம்பர் 15 அன்று கோயம்புத்தூரில், விமானப்படை நிர்வாகக் கல்லூரியின் பொன்விழாவில் நடந்தது. சிறிய அணியாகத் தொடங்கி ஒன்பது விமானங்களாக வளர்ந்தது. ஒன்பதும் ஒன்றாகப் போவதைத்தான் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அணி வானின் கோடிவரை போய்த் திரும்பி வர நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் அணியிலிருந்து பிரிந்து வந்து, தலைகீழாக ஓடுபாதையைக் கடந்தும், உருண்டும், செங்குத்தாக ஏறியும் மக்களின் கண்ணை வானத்திலேயே பிடித்து வைத்தவர்கள் தனி விமானிகள். தாம்பரத்துப் பேட்டரின் நேர் வாரிசுகள் என்று நான் அவர்களைத்தான் சொல்வேன்.

இதற்கு விலையும் கொடுத்தோம். 2006 மார்ச்சில் பயிற்சியின்போது குழுவின் விமானிகள் இருவர் பீதர் அருகே உயிரிழந்தார்கள். 2009 ஜனவரியில் இன்னொருவர். 2010 மார்ச் 3 அன்று ஹைதராபாத் விமானக் கண்காட்சியில் கடற்படையின் சாகர் பவன் குழுவின் கிரண் ஒன்று விழுந்து, அதிலிருந்த இருவரும் போனார்கள். அவர்கள் ஓட்டியது இதே வகை விமானம். ஒரு கிரணை எடைக்குப் போடும்போது இதையும் சேர்த்தே நீங்கள் தராசில் வைக்கிறீர்கள்.

செவ்வண்ணத்தின் மேல் வேறு வண்ணம் ஏறியதற்கும் ஒரு காரணம் உண்டு. 2009இல் தொடக்கப் பயிற்சி விமானமான எச்.பி.டி.-32 தரையிறக்கப்பட்டது. மாணவர்களுக்கு விமானம் போதவில்லை. 2011 பிப்ரவரியில் பெங்களூர் விமானக் கண்காட்சியோடு சூர்யகிரண் குழு நிறுத்தப்பட்டு, அதன் கிரண்கள் பயிற்சிக்குத் திரும்பின. குழு மீண்டும் 2015இல் ஹாக் என்ற வேறு வகைப் பயிற்சி ஜெட் விமானங்களோடு எழுந்தது. கிரண்கள் வகுப்பறையிலேயே தங்கிவிட்டன. சாகசம் செய்த விமானம் மறுபடியும் மாணவர்களிடமே போய்ச் சேர்ந்தது என்பதை விட இந்த விமானத்தைப் பற்றிச் சொல்லத் தகுந்த செய்தி வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்வதற்கு இருக்கும் ஒரே பொருட்சான்று அந்த வண்ண அடுக்குகள்தான்.

உங்கள் தரப்பில் சொல்லக்கூடியவற்றை நானும் யோசித்தேன். பராமரிக்க நிதி இல்லை என்பீர்கள். நான் கேட்பது பறக்கும் நிலையில் வைத்திருப்பதை அல்ல. மேலே ஒரு கூரை, காற்று நுழையும் துளைகளில் பறவை கூடு கட்டாமல் வலை, சக்கரங்களுக்குத் தாங்கு கட்டை, ஆண்டுக்கு ஒரு முறை நன்னீரில் கழுவுதல், இவ்வளவுதான். ஏறி விளையாடும் குழந்தைகளுக்கு ஆபத்து என்பீர்கள், அது உண்மைதான். விரிசல் விட்ட கேனோபியும் கூரான தகட்டு ஓரங்களும் கையைக் கிழிக்கும். அதற்கு மருந்து இடுப்பளவு வேலி. நாட்டில் வேறு கிரண்கள் இருக்கின்றனவே என்பீர்கள். பயிற்சி மட்டும் அளித்த கிரணும் சாகசக் குழுவில் பறந்த கிரணும் ஒன்றுக்கொன்று ஈடாகாது. எது எது என்று கண்டறிந்த பிறகல்லவா கூடுதல், குறைவு என்று பேச முடியும்? கிரண்கள் படிப்படியாக விடைபெற்று வரும் இந்நாட்களில் இன்னும் பல உங்கள் வாசலுக்கு வரப்போகின்றன. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

ஆகவே நான் கேட்பவை இவை. முதலாவதாக, குறிப்பிட்ட பூங்காவின் ஏலப் பட்டியலிலிருந்து அந்த விமானத்தை உடனடியாக நீக்கி, அதன் எண்ணைக் கண்டறியும்வரை அறுக்கவோ நகர்த்தவோ கூடாது. எண் தகட்டைத் தேடவும் வண்ண அடுக்குகளைச் சேதமின்றித் திறந்து பார்க்கவும் நானும், என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூவரும் எங்கள் சொந்தச் செலவில் வரத் தயாராக இருக்கிறோம். அனுமதிக் கடிதம் ஒன்று போதும்.

இரண்டாவதாக, உங்களிடம் உள்ள ஒவ்வொரு கிரணின் எண்ணையும் எழுதி அனுப்பி, அது பணியாற்றிய பிரிவுகளின் விவரத்தை விமானப்படையிடம் முறையாகக் கேட்டுப் பெறுங்கள். ஒதுக்கீடு செய்யும் அதிகாரிகள், இனி கொடுக்கும் ஒவ்வொரு விமானத்தோடும் அதன் பணி வரலாற்றை ஒரு பக்கமாவது எழுதி இணைத்துக் கொடுக்க வேண்டும். பெறுபவர் விமானப்படையைக் கேட்காமல் வண்ணம் மாற்றவோ விற்கவோ கூடாது என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவதாக, பிழையான பலகைகளை அகற்றுங்கள். புதிய பலகையில் வடிவமைத்தவர்கள், முதலில் பறந்த நாள், எஞ்சின், பயிற்சிப் பணி ஆகியவற்றோடு, அந்த விமானம் சாகச நிகழ்ச்சிகளில் பறந்திருந்தால் அதையும் தமிழில் எழுதுங்கள். வாசகத்தை எழுதி, சரிபார்த்துத் தருகிறோம்.

நான்காவதாக, தனி விமானச் சாகசம் செய்தவர்களின் அட்டைகளையும் குறிப்பேடுகளையும் படங்களையும் பெற்று வைக்க ஓர் அலமாரியை ஒதுக்குங்கள். அவர்களையும், அவர்கள் விமானத்தைத் தயார் செய்த ஏர்மேன்களையும் அழைத்துப் பேச வைத்து, ஒலிப்பதிவு செய்யுங்கள். எங்களில் பலர் எழுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஏலத்துக்குக் குறித்த நாளுக்கு இன்னும் 19 நாட்கள் இருக்கின்றன. அதற்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். அட்டையின் நகலை இந்த மடலுடன் இணைத்திருக்கிறேன். மூலத்தை, அதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டது என்ற கடிதம் வந்த அன்றே நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
கிரண் விமானங்களைப் பராமரித்த ஓய்வுபெற்ற ஏர்ஃப்ரேம் ஃபிட்டர் ஒருவர்